சொல்லிவிட்டுச் சாகும் டெவலப்பர்: ஆவடி வெயிலில் எதை வீட்டில் வைத்துக்கொள்வது?

பூந்தமல்லியில் இருந்த எங்கள் பெரியப்பா வீட்டை இடிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அந்தத் திண்ணையில் அப்பாவையும் பெரியப்பாவையும் உட்கார வைத்து ஒரு ரோல் கருப்பு வெள்ளை எடுத்தேன். 36 பிரேம். அன்றைக்கு ராத்திரியே ஆவடி வீட்டு பாத்ரூமில் கழுவினேன். டேங்கைத் திறந்து ஃபிலிமை வெளியே இழுத்தால், ஜன்னல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு படமும் இல்லை.

"என்னங்க, மாமா போட்டோ வந்துச்சா?" என்று வெளியிலிருந்து கேட்டாள் மனைவி. பதில் சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

தொழில் புத்தி, முதலில் 'லாக்' பார்க்கச் சொன்னது. ஃபிலிமின் ஓரத்தில் பிரேம் எண்ணும் ஃபிலிம் பெயரும் தொழிற்சாலையிலேயே ஒளியில் பதிக்கப்பட்டிருக்கும். கேமராவில் கோளாறு என்றால் படம் வராது, ஆனால் ஓர எழுத்து வரும். என் ரோலில் அதுவும் இல்லை. ஆக, டெவலப்பர்தான் செத்துப் போயிருக்கிறது. அது வைட்டமின் சி குடும்பத்து அஸ்கார்பேட் வகை. கரைத்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருந்தது. பிராண்டைக் குறை சொல்ல மாட்டேன், தப்பு என்னுடையது. கரைத்தது போர் தண்ணீரில். இரும்பு, செம்பு அயனிகள் துளி இருந்தாலும் அஸ்கார்பேட் வேகமாக ஆக்ஸிஜனேற்றம் அடையும். எங்கள் வீட்டு பக்கெட்டில் படியும் செம்மண் நிறக் கறையைத் தினமும் பார்க்கிறவன் நான். யோசித்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் "வீட்டில் எந்தெந்த டெவலப்பர் வைத்துக்கொள்ளலாம்" என்கிற வழக்கமான சிபாரிசுகளைச் சந்தேகத்தோடு படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பதிவு அந்தச் சிபாரிசுகளைப் பற்றிய விமர்சனம்.

20 டிகிரி என்னும் கற்பனை

எல்லாப் பட்டியலும் மூன்று விஷயத்தை வைத்துத்தான் மார்க் போடுகின்றன: கிரெய்ன், ஷார்ப்னெஸ், ஃபிலிம் ஸ்பீடு. அட்டவணை எல்லாம் 20 டிகிரிக்கு. குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும் ஊருக்கு அது சரி. ஆவடியில் மே மாச மதியம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்குக்கூட என் தெர்மாமீட்டர் 32 காட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரில் இல்ஃபோர்டு சொல்லும் நேரம், 20 டிகிரியில்: நேராக ஊற்றினால் 7½ நிமிஷம், 1+1 என்றால் 13, 1+3 என்றால் 20. ஒரு டிகிரி ஏறினால் நேரம் சுமார் 10% குறையும் என்ற நடைமுறை விதியை வைத்து 30 டிகிரிக்குக் கொண்டுபோனால், அவை முறையே 2.6, 4.5, 7 நிமிஷம் ஆகின்றன. ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் டெவலப்மென்ட் திட்டுத் திட்டாக விழும் அபாயம் உண்டு. ஆக, "நல்ல கிரெய்ன் வேண்டுமா, நேராக ஊற்று" என்கிற அறிவுரை நம்ம ஊர் தண்ணீரில் அப்படியே செல்லாது. இங்கே நீர்த்து ஊற்றுவது ரசனை சார்ந்த தேர்வு இல்லை, தேவை.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. ஏசி பரவாத காலத்தில் கோடாக்கே வெப்பநாடுகளுக்கென்று டிகே-15 என்ற ஃபார்முலா வைத்திருந்தது. சூட்டில் ஜெலட்டின் ஊதாமல் இருக்க அதில் சோடியம் சல்ஃபேட் சேர்ப்பார்கள். இன்றைய ஃபிலிம்களின் ஜெலட்டின் கெட்டிப்படுத்தப்பட்டது, அவ்வளவு பயம் வேண்டாம். ஆனால் அந்த அக்கறை மட்டும் இன்றைய சிபாரிசுகளிலிருந்து காணாமல் போய்விட்டது.

நம்ம அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருந்தது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1967இல் 'இந்து' ஃபிலிம் உற்பத்தியை ஆரம்பித்தது ஊட்டியில். குளிர்ச்சியும் தூசி குறைந்த காற்றும் வேண்டும் என்பதால். அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு நம்ம அம்பத்தூரில் இருந்தது என்பது இந்தப் பக்கம் குடியிருக்கிற பலருக்கே தெரியாது. இப்போது ஊட்டி ஆலையும் மூடிக் கிடக்கிறது. ஃபிலிம் செய்ய மலை ஏறினார்கள். கழுவுகிற நாம் சமவெளியில் உட்கார்ந்திருக்கிறோம்.

பழைய மூவர்

டி-76: 1920களில் கோடாக் சினிமாவுக்காக உருவாக்கியது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5, சோடியம் சல்ஃபைட் 100, வெண்காரம் 2. குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் புகார் வேறு. பாக்கெட்டைப் பிரித்தால் முழுசாகக் கரைக்க வேண்டும். கோடாக் கணக்குப்படியே மூடிய முழு பாட்டில் 6 மாசம், பாதி காலியான பாட்டில் 2 மாசம். நான் மாசத்துக்கு ஒரு ரோல் கழுவுகிறவன், அதாவது என் பாட்டில் எப்போதும் பாதி பாட்டில்தான். இன்னொரு வினோதம்: வைத்திருக்க வைத்திருக்க இதன் காரத்தன்மை கூடும், வேகமும் கான்ட்ராஸ்ட்டும் ஏறும். அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரிகிற மாதிரி. வாரம் ஒரு ரோல் கழுவுகிறவர்களுக்கு இது அருமையான டெவலப்பர்.

ஹெச்சி-110: பழைய சரக்கு தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், வருஷக்கணக்கில் கெடாது. அந்தப் புகழை வைத்துத்தான் இன்றும் சிபாரிசு செய்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன்பு ஃபார்முலா மாறிவிட்டது. இப்போது வருவது தண்ணீர்ப் பதம். பழைய சரக்கின் ஆயுளைப் புதுசுக்கும் சேர்த்து எழுதுவது நியாயமில்லை.

ரோடினால்: 1891லிருந்து இருக்கிறது. பாரா அமினோஃபீனால், காட்டமான காரம், சல்ஃபைட். பாட்டில் டிகாக்ஷன் நிறத்துக்குக் கறுத்தாலும் வேலை செய்யும். 1+50 என்றால் ஒரு 300 மில்லி டேங்குக்கு 6 மில்லி போதும். குறை என்னவென்றால், கிரெய்னைக் கரைக்கும் அளவுக்கு இதில் சல்ஃபைட் கிடையாது. 400 ஐஎஸ்ஓ ஃபிலிமில் கிரெய்ன் ரவை மாதிரி தெரியும். "1+100இல் ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்துவிடு, வெப்பநிலை பற்றிக் கவலை வேண்டாம்" என்பார்கள். 20 டிகிரியில் ஊற்றிய கரைசல் எங்கள் வீட்டு மே மாச அறையில் பத்து நிமிஷத்திலேயே 22ஐத் தாண்டியது. ஒரு மணி நேரத்தில் எங்கே போய் நிற்கும்? கவலைப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

எப்படிச் சாகிறது?

என் அளவுகோல் இப்போது ஒன்றுதான்: இந்த டெவலப்பர் எப்படிச் சாகிறது?

அஸ்கார்பேட் சத்தமில்லாமல் சாகிறது. தெளிவாகவே இருந்து, ஒருநாள் ரோலையும் கூட்டிக்கொண்டு போகிறது. மெட்டால் வகை மஞ்சளாகி, பழுப்பாகி, சொல்லிவிட்டுச் சாகிறது. ரோடினால் லேசில் சாவதே இல்லை. மெல்லிய கிரெய்னுக்காக முதல் வகையை மெச்சுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுடைய நெகடிவ் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்தமான தண்ணீரும், வாராவாரம் வேலையும் இருந்தால்தான் அந்த அழகு. மாசம் ஒரு ரோல், போர் தண்ணீர், 35 டிகிரி அலமாரி என்ற வீட்டில் நம்பகம்தான் முதல் குணம். கிரெய்ன் அதற்குப் பிறகு.

அதனால் என் அலமாரியில் இப்போது இரண்டே இரண்டு.

ஒன்று, டி-23. லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், அவ்வளவுதான். நான் 500 மில்லிதான் கரைக்கிறேன்: 3.75, 50. பொடியாக இருக்கும்வரை கெடுவதற்கு அவசரமில்லை, தீரத் தீரக் கரைத்துக்கொள்ளலாம். ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் முழுவதும், அப்புறம்தான் மீதி சல்ஃபைட். வரிசை மாறினால் மெட்டால் கரைய அடம்பிடிக்கும். ஹைட்ரோகுவினோன் மெட்டாலைவிட வெப்பநிலைக்கு அதிகம் துள்ளுகிற சரக்கு. அது இதில் இல்லாதது நம்ம ஊருக்கு ஒரு வசதி. டி-76 நேரத்தில் ஆரம்பித்து, நெகடிவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கெமிக்கல் கடையில் சல்ஃபைட் என்று அழுத்திக் கேளுங்கள். சல்ஃபேட் கொடுத்துவிட்டால் ஒரு எழுத்தில் ரோல் போச்சு.

இரண்டு, ரோடினால் வகை. கடையில் கிடைக்காத மாசங்களில் பாராசிட்டமாலில் செய்வேன். 500 மில்லிகிராம் மாத்திரை 30, சல்ஃபைட் 50 கிராம், காஸ்டிக் சோடா 20 கிராம், மொத்தம் 250 மில்லி தண்ணீர், மூன்று நாள் ஊறல். காரம் பாராசிட்டமாலை உடைத்து பாரா அமினோஃபீனாலாக மாற்றுகிறது. (டோலோ 650 என்றால் 23 மாத்திரை. காபீன் சேர்த்த மாத்திரை வேண்டாம்.) காஸ்டிக் சோடா விளையாட்டுப் பொருள் இல்லை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. குழந்தை கைக்கு எட்டாத இடம், பெரிய எழுத்தில் லேபிள்.

சில்லறை விஷயங்கள்

தண்ணீர்: கரைக்க பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர்.

வெப்பநிலை: 20ஐத் துரத்துவதில்லை, 24 போதும். 4 லிட்டர் 32 டிகிரி தண்ணீரை 24க்கு இறக்க சுமார் 300 கிராம் ஐஸ், அதாவது ஃப்ரிட்ஜில் இரண்டு ட்ரே. 1+1இன் 13 நிமிஷம் அங்கே எட்டரை நிமிஷம் ஆகும், வசதியான நேரம். ஃபிக்ஸரும் கழுவும் தண்ணீரும் அதே பக்கத்தில் இருக்கட்டும், திடீரென்று மாறினால் ஜெலட்டின் சுருங்கும்.

பாட்டில்: கண்ணாடி. காலியாக ஆக கோலிக்குண்டு போட்டு மட்டத்தை விளிம்புவரை ஏற்றினால் உள்ளே காற்று இருக்காது.

கடைசியாக, முக்கியமானது. ஒவ்வொரு ரோலுக்கும் முன்னால், வெட்டிய ஃபிலிம் நுனித் துண்டை வெளிச்சத்திலேயே கலந்த டெவலப்பரில் போடுங்கள். சில நிமிஷத்தில் நன்றாகக் கறுக்க வேண்டும். கறுக்கவில்லையா, கொட்டிவிடுங்கள். மென்பொருளில் இதை 'ஸ்மோக் டெஸ்ட்' என்போம். ஆபீசில் இருபது வருஷமாக இது இல்லாமல் எதையும் ரிலீஸ் பண்ணியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மட்டும் பண்ணவில்லை.

பெரியப்பா இப்போது அம்பத்தூரில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறார். போன மாசம் அவரையும் அப்பாவையும் பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து மறுபடி எடுத்தேன். டி-23, 1+1, 24 டிகிரி. 36 பிரேமும் வந்திருக்கிறது. திண்ணை மட்டும் இல்லை.