விடையறிவும் ஆய்வறிவும்: கல்லூரித் தமிழ்க் கல்வியில் பொது அறிவும் திறனாய்வுச் சிந்தனையும்

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய கல்லூரி மாணவரிடம் பொது அறிவும் திறனாய்வுச் சிந்தனையும் குன்றிவிட்டன என்னும் கருத்து கல்வியாளரிடையே பரவலாக நிலவுகிறது. இவற்றை இரு தனிக் குறைகளாகக் கொள்வது பொருந்தாது. காரணத்திலிருந்து பிரிக்கப்பட்ட விடையை அறிவென ஏற்கும் மதிப்பீட்டு முறையே இரண்டிற்கும் பொதுவான வேர் என்பதைத் தமிழ் இலக்கிய வகுப்பைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பொது அறிவு, திறனாய்வுச் சிந்தனை, வினாத்தாள், நன்னூல், உரை மரபு, கயவாகு காலக்கணிப்பு.

முன்னுரை

மாணவருக்கு எதுவும் தெரிவதில்லை என்பதும், தெரிந்ததைக் கொண்டு சிந்திக்க இயலவில்லை என்பதும் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி எழும் குறைகள். முதற்குறை செய்தியறிவைப் பற்றியது. இரண்டாவது அச்செய்தியைச் சோதிக்கும் ஆற்றலைப் பற்றியது. பொது அறிவு வினாடி வினாவால் முன்னதும், சிந்தனைத்திறன் பயிலரங்கத்தால் பின்னதும் நிறைவுபெறும் என்ற நம்பிக்கையில் நிறுவனங்கள் இரண்டிற்கும் தனித்தனி மருந்து தேடுகின்றன. இப்பிரிவினை சரியானதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பொது அறிவு உண்மையில் குன்றியுள்ளதா?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு 200 கொள்குறி வினாக்களைக் கொண்டது. அவற்றுள் 100 தமிழ்ப் பகுதிக்கு உரியவை. இத்தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர் நூலும் ஆசிரியரும், அடைமொழியும் அதற்குரியவரும், திணையும் கருப்பொருளும் எனப் பல நூறு செய்திகளை மனத்தில் இருத்துகின்றனர். ஆதலின் செய்தியறிவு முற்றிலும் இல்லை என்னும் கூற்று ஏற்கத்தக்கதன்று. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வாழ்வாதாரத்தின் வாயிலாக விளங்கும் இவ்வுழைப்பை மனப்பாடம் என்று இகழ்வதும் முறையன்று. கொள்குறித் தேர்வு மதிப்பிடுவோரின் விருப்பு வெறுப்புகளுக்கு இடந்தராதது என்பதையும் மறுத்தற்கில்லை.

சிக்கல் அச்செய்தி எந்த வடிவில் மாணவரை அடைகிறது என்பதில் உள்ளது. 'உரையாசிரியர் எனச் சுட்டப்படுபவர் யார்?' என்னும் வினாவிற்கு 'இளம்பூரணர்' என்பது ஒருசொல் விடை. அவருடைய உரையைச் சேனாவரையர் சொல்லதிகாரத்தில் எவ்விடங்களில் மறுக்கிறார், எக்காரணங்களைக் காட்டுகிறார் என்பவை அவ்விடைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பெயர் எஞ்சுகிறது; பெயருக்குப் பெருமை சேர்த்த வாதம் மறைகிறது.

ஒரு சான்று: சிலப்பதிகாரத்தின் காலம்

சிலப்பதிகாரத்தின் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பது மாணவர் பலரும் அறிந்த விடை. இதன் அடிப்படை கயவாகு காலக்கணிப்பாகும். கண்ணகி வழிபாட்டில் பங்கேற்றவனாக இலங்கை வேந்தன் கயவாகுவைக் காப்பியத்தின் வரந்தரு காதை குறிப்பிடுகிறது. இலங்கை வரலாற்று நூலாகிய மகாவம்சத்தின் அரசர் வரிசைப்படி முதலாம் கயவாகு கி.பி. 2ஆம் நூற்றாண்டினன். 1904இல் வெளிவந்த தமது நூலில் வி. கனகசபைப் பிள்ளை இப்பொருத்தத்தைச் சங்ககால வரலாற்றிற்கு அடிப்படையாகக் கொண்டார். எஸ். வையாபுரிப் பிள்ளையோ மொழிச்சான்றுகளை முன்வைத்துக் காப்பியத்தைப் பல நூற்றாண்டுகள் பின்தள்ளினார்.

இவ்விடத்தில் கேட்கத்தக்க வினாக்கள் பல. கயவாகுவைக் குறிப்பிடும் மகாவம்சம் அவன் பத்தினி விழாவிற் பங்கேற்றதைக் கூறவில்லை. அவனையும் பத்தினி வழிபாட்டையும் இணைத்துக் கூறும் இராசாவலிய மிகப் பிற்பட்ட சிங்கள நூல். இம்மௌனத்திற்கு எவ்வளவு மதிப்பளிப்பது? காப்பியத்துள் ஓர் அரசன் பெயர் இடம்பெறுவது, அவன் காலத்திலேயே காப்பியம் இயற்றப்பட்டது என்பதற்குச் சான்றாகுமா? நிகழ்ச்சியின் காலமும் நூலின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

இவ்வினாக்களை எழுப்புவது திறனாய்வுச் சிந்தனை. ஆயினும் வரந்தரு காதையையும் மகாவம்சத்தையும் அறியாதவரால் இவற்றுள் ஒன்றையும் எழுப்ப இயலாது. செய்தியின்றிச் சிந்தனை தொடங்குவதில்லை. அதுபோலவே, இவ்வினாக்களைச் சந்தியாத '2ஆம் நூற்றாண்டு' என்னும் விடையையும் முழுமையான அறிவு எனல் அரிது; மாற்றுக் கருத்தொன்று எதிர்ப்படுமாயின் அதனை ஏற்கவோ மறுக்கவோ அவ்விடையில் வழியில்லை. எனவே மாணவரிடம் காணப்படுவன இரு குறைகள் அல்ல. அறிவு தன் காரணத்திலிருந்து அறுபட்ட ஒரே குறையின் இரு தோற்றங்களே.

வினாத்தாளின் பொறுப்பு

1956இல் வெளியான பெஞ்சமின் புளூமின் கற்றல் நோக்கப் பகுப்பும், 2001இல் வந்த அதன் திருத்தமும் இன்று கல்லூரி வினாத்தாள்களில் கே-1 முதல் கே-6 வரையிலான குறியீடுகளாக இடம்பெறுகின்றன. நினைவுகூர்தல் முதற்படி; மதிப்பிடலும் படைத்தலும் இறுதிப்படிகள். 'கண்ணகியின் பாத்திரப் படைப்பை மதிப்பிடுக' என்னும் வினா 'மதிப்பிடுக' என்னும் வினைச்சொல்லால் உயர்படியில் வைக்கப்படுகிறது. ஆனால் அதற்கான விடை உள்தலைப்புகளுடன் வழிகாட்டி நூலிலோ வகுப்புக் குறிப்பிலோ முன்னரே உள்ளது. மாணவர் அதனை நினைவுகூர்ந்து எழுதுகிறார். வினா முதற்படிக்கே இறங்கிவிடுகிறது. வினாவின் தரத்தை அதன் ஏவற்சொல் உறுதி செய்வதில்லை. விடை முன்கூட்டியே ஆயத்தமாக உள்ளதா என்பதே உறுதி செய்கிறது.

மதிப்பிடுவோரின் நிலையும் எண்ணத்தக்கது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் மூன்றாம் தாளுக்கு இருந்த விரிவிடை முறை 2012 சூன் தேர்வு முதல் கைவிடப்பட்டது. இன்று அத்தேர்வின் இரு தாள்களிலும் உள்ள 150 வினாக்களும் கொள்குறி வினாக்களே. 2024 முதல் அதன் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் கொள்ளப்படுகிறது. ஒரு பத்தியேனும் வாதிட்டு எழுதாமலே ஒருவர் கல்லூரி ஆசிரியருக்குரிய இத்தகுதியைப் பெற்றுவிடலாம். அவ்வழி வந்தவர் மாணவரிடம் வாதத்தை எதிர்பார்க்கையில், தம்மிடம் எவரும் கோராத ஒன்றையே கோருகிறார். குறை தலைமுறைக்குரியதன்று, தேர்வு வழியாகத் தலைமுறைகளுக்குக் கையளிக்கப்படுவது.

மரபு காட்டும் வழி

வினவுதல் மேலைநாட்டுக் கல்வியின் வரவு என்னும் எண்ணமும் திருத்தத்திற்குரியது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கர் அடைவது புலமையின் கால் பங்கே என்கிறது நன்னூற் பொதுப்பாயிரம். உடன் பயில்வோருடன் பழகுவதால் ஒரு கால் பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் வந்து சேரும் என்பது அதன் கருத்து. அப்பாயிரமே நூலாசிரியர் மேற்கொள்ளும் எழுவகை மதங்களுள் பிறர் கருத்தை உடன்படுதலோடு மறுத்தலையும், பிறர் நூலின் குற்றம் காட்டலையும் வைத்து எண்ணுகிறது. திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்தின் 423ஆம் குறள் சொல்பவர் யார் என்பதைக் கடந்து சொல்லின் மெய்ம்மையை நாடுமாறு வலியுறுத்துகிறது. அக்குறளை எண்ணோடு ஒப்பிக்கும் மாணவர் அதன் உரையாசிரியரை வினவும் வாய்ப்பினைப் பெறுவதில்லை என்பதே இன்றைய முரண்.

மாற்றத்திற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அகமதிப்பீட்டுத் தேர்வில் ஒரு வினாவேனும் மாணவர் முன்னர்க் கண்டிராத பாடற்பகுதியையோ, ஒரே நூற்பாவிற்கான முரண்பட்ட இரு உரைகளையோ தந்து, எது பொருந்தும், ஏன் என்று கேட்கலாம். முடிவிற்கு மதிப்பெண் இல்லை, காட்டும் சான்றுக்கே மதிப்பெண் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். அறுபது பேர் அமரும் வகுப்பில் இது திருத்துவோரின் சுமையைக் கூட்டும்; விடைகள் ஒன்றுபோல் இரா; மதிப்பெண் பற்றிய முறையீடுகளும் எழும். இவற்றை ஏற்க ஆசிரியரும் நிறுவனமும் முன்வராதவரை வினாவின் குறியீடு மட்டுமே மாறும்.

முடிவுரை

கல்லூரி மாணவரிடம் செய்தி உண்டு. அச்செய்தி எவ்வாறு உண்மையாயிற்று என்னும் அறிவு அவர்களுக்குத் தரப்படவில்லை, அவர்களிடம் கேட்கப்படவுமில்லை. பொது அறிவையும் திறனாய்வுச் சிந்தனையையும் தனித்தனியே வளர்க்கும் முயற்சிகள் இதனால்தான் பயனற்றுப் போகின்றன. மாணவரின் சிந்தனையை அளக்க விழைவோர் முதலில் அளக்க வேண்டியது தாம் அமைத்த வினாத்தாளை. காரணத்தைக் கேளாத வினாவிற்குக் காரணமற்ற விடை வருவதை மாணவரின் குறையாகக் கணக்கிடல் நேர்மையாகாது.