கூண்டு இருக்கிறது, லஸ்கர் எங்கே?

அருங்காட்சியகமும் ஒரு பிரதிதான். அதற்கும் கதைசொல்லி உண்டு, நாயகன் உண்டு, பக்கம் புரளும்போது காணாமல் போகிறவர்களும் உண்டு. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் கோட்டை அருங்காட்சியகத்தை அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாலைப் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு பகல் முழுக்க அங்கே சுற்றியதில் எழுந்தவை இவை.

கட்டடம் 1795இல் முடிந்தது. வெள்ளை அதிகாரிகளின் மெஸ்ஸாகவும் இருந்திருக்கிறது. 1948இலிருந்து அருங்காட்சியகம். பீரங்கி, வாள், துப்பாக்கி, பதக்கம், சீருடை, ஆளுயர ஓவியங்கள். நடுவே கார்ன்வாலிஸ் பெரிய சிலையாக நிற்கிறார். பீடத்தில், 1792இல் திப்புவின் பிள்ளைகள் இரண்டுபேர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கியிருக்கிறது. சரி, அந்த மைசூர்ப் போரில் மலைக்கோட்டைகளுக்குப் பாதை வெட்டியது யார்? பீரங்கி இழுக்க மேடு பள்ளம் நிரவியது யார்? 1780இல் கம்பெனி தொடங்கிய மதராஸ் பயனியர் படைதான். பிறகு மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்று பெயர் பெற்றது. பறையர்கள் பெருந்தொகையாய்ச் சேர்ந்த படை. தோண்டுவதும் சுமப்பதும் சேரிக்காரன் தலையெழுத்து என்று ஊர் ஒதுக்கியிருந்த வேலைக்கு அங்கே சம்பளம் இருந்தது, சட்டை இருந்தது, பென்ஷன் இருந்தது. அந்தப் படையில் இன்றைக்கும் சிப்பாய்க்குச் செல்லப்பெயர் 'தம்பி'. ஊருக்குள் அவனை யார் தம்பி என்று கூப்பிட்டார்கள்?

பிள்ளைகள் வெகுநேரம் நின்றது ஒரு மரக்கூண்டுக்கு முன்னால். ஒரு மனுஷன் கால் நீட்ட முடியாது. மதராஸ் பீரங்கிப் படையின் கேப்டன் பிலிப் ஆன்ஸ்ட்ரூதரை 1840இல் சீனர்கள் அடைத்து வைத்த கூண்டு. சூசான் தீவில் நில அளவை செய்யப் போனவரை ஊர்ச் சனங்கள் மடக்கிப் பிடித்தார்கள். நிங்போவில் சிறை. 1841 பிப்ரவரியில்தான் விட்டார்கள். வெள்ளைக்காரன் பட்ட அவமானம் அருங்காட்சியகத்துக்கு வரக்கூடிய பொருளாகிவிடுகிறது. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பட்டதற்குக் கூண்டு தேவைப்படவில்லை, தெருவே போதுமாக இருந்தது.

அன்றைக்கு ஆன்ஸ்ட்ரூதர் தனியாகப் போகவில்லை. கூடவே ஒரு லஸ்கர் போனார். பீரங்கிப் படையில் எடுபிடி வேலை செய்தவர், வயதானவர். அதே இடத்தில் அவரை அடித்தே கொன்றார்கள். கேப்டன் பிழைத்துவந்து கதை சொன்னார், படம் வரைந்தார். கூண்டும் கடல் கடந்து வந்து சேர்ந்தது. லஸ்கர் அந்தக் கதையில் ஒரு வரி. எல்லா லஸ்கரையும் பறையராக்கிச் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. எந்தச் சாதியானாலும் அவர் அடிமட்டத்துக் கூலிக்காரர். கூண்டை அவருக்கான நினைவுச்சின்னமாகவும் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

பன்னிரண்டாவது படிக்கிற பெண் ஒன்று சட்டென்று கேட்டது: "அண்ணே, அப்ப நம்ம ஆளுங்க வெள்ளக்காரனுக்கு அடியாளா இருந்தாங்களா?"

தேசியவாதிகள் நூறு வருஷமாய்க் கேட்கும் கேள்வி அது. அவர்கள் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். நிலம் தராதவன், கிணற்றை மூடியவன், செருப்புப் போடவிடாதவன் எந்த நாட்டுக்கு விசுவாசமாய் இருக்கச் சொல்கிறான்? ஆனால் நம் வீட்டுப் பெண் கேட்கும்போது இந்தப் பதில் போதாது. ஆன்ஸ்ட்ரூதர் சிக்கிய அந்தப் போர் அபினி வியாபாரத்துக்காக நடந்தது. மதராஸ் சாப்பர்களும் 37ஆவது மதராஸ் காலாட்படையும் அங்கே போயிருக்கின்றன. இங்கே மிதிபட்டவன் அங்கே போய்ச் சீனத்துக் குடியானவனை மிதித்தான். வீரம் வீரம் என்று மேடையில் முழங்கும் நம் தோழர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கம்பெனிப் பட்டாளத்தில் சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் படிப்பு கட்டாயமாக இருந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அவர் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர். 1891இல் அம்பேத்கர் பிறந்ததே மௌ ராணுவ முகாமில். நமக்குப் பட்டாளம் முதலில் பள்ளிக்கூடம், அப்புறந்தான் போர்க்களம். அந்தக் கதவை மூடியதும் வெள்ளைக்காரன்தான். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தென்னாட்டானிடம் போர்க்குணம் செத்துவிட்டது என்று தீர்மானித்தார். 'போர்ச்சாதி' என்று புது வருணம் வகுத்தார்கள். மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாய்க் கலைந்தன, சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். 1890களில் மகர்களைச் சேர்ப்பதும் நின்றது. ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் கோபால் பாபா வலங்கர் மனு எழுதிப் பார்த்தார். நடக்கவில்லை. மனு தர்மத்தை ஆங்கிலத்தில் எழுதினால் எப்படியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கோரேகானில் 1818 ஜனவரி 1இல் நடந்த சண்டைக்குக் கம்பெனி ஒரு தூண் நட்டது. தன் பெருமைக்காகத்தான் நட்டது. ஆனால் அதில் 22 மகர்களின் பெயர்களைப் பொறித்தது. 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது வெள்ளைக்காரன் கல் நம் கல்லாயிற்று. பெயர் இருந்ததால் அது முடிந்தது. அதிகாரிகளின் பதக்கத்தையும் ஓவியத்தையும் வைத்துக்கொண்டு இங்கே அந்த வேலையை எப்படிச் செய்வது?

எண்ணெய்ச் சாயம் பூசி நம்மை யாரும் வரையவில்லை. ஆனால் சேரிகளில் டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் காகிதம், ரிப்பன் போன மெடல், பர்மாவிலோ பெங்களூரிலோ எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ, 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று இன்னும் சொல்லப்படும் வீடுகள். பிள்ளைகள் தங்கள் தெருவிலிருந்தே எழுதியெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு எண், போன நாடு, திரும்பிய வருஷம், திரும்பியபின் ஊர் நடத்திய விதம். வாசகர்கள் தங்கள் ஊர்க் கதைகளை இதழ் முகவரிக்கு அனுப்பலாம். போட்டோவை அனுப்ப வேண்டாம், பிரதி எடுத்து அனுப்பினால் போதும்.