காரணப்பெயர் வேடமிட்ட இடுகுறி

நன்னூலில் பெயரைக் காரணம், இடுகுறி என்று பிரித்துப் படித்தவர்களை உயர்விலை ஒலிபெருக்கிகளின் மாடல் பெயர்கள் கொஞ்சம் தடுமாற வைக்கும். எண், எழுத்து, சாய்கோடு என்று எல்லாமே பொறியாளர் மேசையிலிருந்து நேராக இறங்கி வந்தவைபோல் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் இருக்காது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையிலான உறவு தன்னிச்சையானது என்று சசூர் சொன்னதை இந்த வியாபாரம் ஒரு உத்தியாகவே மாற்றிவைத்திருக்கிறது. விலையும் இதே வேடத்தைத்தான் போடுகிறது என்பது என் வாதம்.

உண்மையான காரணப்பெயர் ஒன்று இருந்தது. 1970-களில் பி.பி.சி. தன் தேவைக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ. எல்.எஸ். என்றால் ஒலிபெருக்கி. 3 என்றால் வெளிக்கள ஒலிபரப்புக்கானது (ஸ்டூடியோவுக்கானது என்றால் 5). சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 5 வடிவமைப்பின் வரிசை எண். ஏ, திருத்தம். வேனுக்குள் இருக்கிற கொஞ்ச இடத்தில் வைத்துக் கேட்கவேண்டிய சின்னப் பெட்டி. பெயரே அதன் ஜாதகம். பல கம்பெனிகள் உரிமம் வாங்கிச் செய்தன. யார் செய்தாலும் பெயர் ஒண்ணுதான், ஏனென்றால் அது ஒரு வரையறையைச் சுட்டியது. இதற்காக ரொம்பவும் உருகிவிட வேண்டாம். 1980-களின் பிற்பகுதியில் அதன் மின்மறுப்பு 15 ஓமிலிருந்து 11 ஓமுக்கு மாறியபோது பெயர் வாயே திறக்கவில்லை. பழைய ஜோடி தேடுகிறவர்கள் இன்றைக்கும் 'பதினஞ்சா, பதினொண்ணா' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த இரண்டு ஒலியலகுகளையும் செய்துகொடுத்தது கெஃப், 1961-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கம்பெனி. 2012-ல் அது எல்.எஸ். 50 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எல்.எஸ். பி.பி.சி.யிடம் கடன் வாங்கிய கௌரவம். 50? கம்பெனியின் வயது. 2022-ல் எல்.எஸ். 60 வந்தது, பெருக்கியை உள்ளேயே வைத்த, தரையில் நிற்கிற ஒல்லியான தூண். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது பத்து வருஷம், அவ்வளவுதான். ஆனால் கடைக்குள் நுழைகிறவர் 60-ஐ 50-ஐவிடப் பத்துப் படி உயர்ந்த சரக்காகவே வாசிப்பார். அந்தத் தப்பான வாசிப்பால் யாருக்கும் நஷ்டமில்லை, அவரைத் தவிர.

பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் பக்கம் திரும்பினால் கணக்கே தலைகீழ். 805 சின்னது, ஸ்டாண்டில் வைப்பது. எண் இறங்க இறங்கப் பெட்டி வளரும், விலை ஏறும். 801 என்ற பெயர் 1979-லிருந்து வருகிறது. டி3 வரிசையில் உச்சியில் இருந்தது 800. 2021-ன் டி4 வரிசையில் 800 காணாமல் போய் 801 மறுபடி உச்சிக்கு வந்தது. ஆக 801 என்பது நாற்பது வருஷத்தில் எத்தனையோ வெவ்வேறு பண்டங்கள். அமெரிக்காவின் வில்சன் ஆடியோ இன்னும் ஒரு படி மேலே. வாட்/பப்பி என்ற பெயரை 2009-ல் சாஷா டபிள்யூ/பி என்று சுருக்கி ஒட்டவைத்தது. 2018-ல் நிறுவனர் டேவிட் வில்சன் இறந்த பிறகு அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து சாஷா டி.ஏ.டபிள்யூ. ஆக்கியது, 2024-ல் பழைய வாட்/பப்பியையே திரும்ப அழைத்துவந்தது. மாடலுக்கும் வரிசைக்கும் இடையிலான விளையாட்டைப் பற்றி பூத்ரியா 1968-லேயே எழுதினார். பண்டம் நினைவுச்சின்னமாகவும் ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி விலை. 2020-ல் எல்.எஸ். 50 மெட்டா வந்தபோது ஜோடி பிரிட்டனில் ஏறக்குறைய 1000 பவுண்டு, அமெரிக்காவில் 1500 டாலர். பிரிட்டிஷ் விலைக்குள் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடக்கம். அமெரிக்க விலையில் மாநில விற்பனை வரி சேரவில்லை. வரியைக் கழித்தால் பிரிட்டனில் 833 பவுண்டு, அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 1080 டாலர். அமெரிக்கர் 400 டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறார். கடல் கடந்து போகிறதே என்பீர்கள். கெஃப் 1992-லிருந்து ஹாங்காங் குழுமம் ஒன்றின் கையில் இருக்கிறது. பெட்டி செய்யப்படுவது சீனாவில். அது லண்டனுக்கும் கடல் கடந்துதான் போகிறது.

டீலருக்குக் கடை வாடகை, கேட்டுப்பார்க்க ஒரு அறை, விநியோகஸ்தரின் பங்கு என்று பதில் வரும். அதெல்லாம் செலவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமர்சனத்துக்கு என்ன ஆகிறது? ஒலியைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை தரும் தீர்ப்பில் 'இந்த விலைக்கு' என்ற சொல் எப்போதும் ஒளிந்திருக்கும். அந்தச் சொல் அட்லாண்டிக்கைத் தாண்டும்போது விலை மாறிவிடுகிறது, தீர்ப்பு மாறுவதில்லை. அங்கே அந்தப் பெட்டியோடு போட்டியிடுபவை வேறு பெட்டிகள். நட்சத்திரங்களை எண்ணுகிற வாசகர் இதைக் கவனிப்பதில்லை, எழுதுகிறவரும் பெரும்பாலும் சொல்வதில்லை.

எங்கே மலிவோ அங்கே வாங்கலாமே என்றால், வாங்கிய நாட்டுக்கு வெளியே வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகள் கைவிரித்துவிடும். பொருளில் வித்தியாசம் உண்டா? மெட்டாவுக்குச் சுவரில் செருகும் பிளக்கே கிடையாது. வோல்டேஜ் வேறு என்று சொல்லக்கூட வழியில்லை.