உயிர்ச்சூழலும் ஆட்டவிதியும்: ‘டீப் ஸ்வாம்ப்’ படைப்பும் பழவேற்காட்டுப் பாடு முறையும்

ஆய்வுச்சுருக்கம்

உயிருள்ள சூழலைக் கணினியோடு இணைக்கும் கலைப்படைப்புகளில் இழப்பை ஏற்பவர் யார் என்னும் வினாவை, பழவேற்காட்டு மீனவரின் பாடு முறையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்தல், கருப்பொருள், பாடு, சூழலியல் கலை, கணினி விளையாட்டு.

முன்னுரை

கென் கோல்ட்பெர்க், ஜோசப் சாண்டரோமனா ஆகியோர் குழுவினருடன் 1995இல் உருவாக்கிய ‘டெலிகார்டன்’, தொலைவிலிருப்போர் இணையவழி இயந்திரக்கையை இயக்கி விதை ஊன்றவும் நீர் ஊற்றவும் இடமளித்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இங்மார் ரீடல்-குரூஸ குழுவினர், பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியை மின்புலத்தால் நகர்த்தி ஆடும் விளையாட்டுகளை 2011இல் வெளியிட்டனர். இவ்வரிசையில் டேகா பிரெய்னின் ‘டீப் ஸ்வாம்ப்’ (2018) தனித்து நோக்கத்தக்கது.

கருப்பொருளின் குறை

இப்படைப்பில் ஈரநிலத் தாவரங்கள் வளரும் தொட்டிகளின் ஒளி, நீர், ஊட்டம் ஆகியவற்றை மூன்று மென்பொருள் முகவர்கள் மாற்றியமைக்கின்றன. ஹாரிசன் இயற்கையான ஈரநிலத் தோற்றத்தை நாடுகிறது. ஹான்ஸ் கலைப்படைப்பை ஆக்க முயல்கிறது. நிக்கோலஸ் பார்வையாளர் கவனத்தை மட்டும் விரும்புகிறது. ‘சூழலைச் செம்மைப்படுத்துதல்’ என்பது எவருடைய நோக்கத்திற்காக என்று வினவுவதே இதன் வலிமை.

ஆயினும், அவ்வினாவுக்குரிய மாந்தர் தொட்டிக்கு வெளியே பார்வையாளராகவே நிற்கின்றனர். தொல்காப்பியம் உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு தொழிலையும் கருப்பொருளாக எண்ணுகிறது. தொழிலை நீக்கிய நிலம் திணையாகாது. இவ்வளவுகோலால் நோக்கின், ‘டீப் ஸ்வாம்ப்’ தாவரத்தைக் காட்டி அதனோடு வாழ்வோரை விடுத்த நெய்தல் எனலாம்.

பாடு: இழப்புள்ள ஆட்டம்

பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் இறால் வலை கட்டும் இடங்கள், உரிமையுடைய குடும்பத்தார்க்குச் சீட்டு முறையிலும் சுழற்சி முறையிலும் பகிரப்படுகின்றன. வளமான இடமும் வளம் குன்றிய இடமும் மாறிமாறி அனைவர்க்கும் வாய்க்கின்றன. முறை, வாய்ப்பு, வரம்பு என ஆட்டத்தின் கூறுகள் யாவும் இதில் உள. வேறுபாடு ஒன்றே: இங்குத் தோற்றவர்க்கு அன்றைய உலை கொதிக்காது.

இம்முறையை முழுநிறைவானதாகக் கொள்ளவும் இயலாது. பாட்டுரிமை அற்ற இருளர் மகளிர் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். விதியை வகுப்போர் எவர், விலக்கப்படுவோர் எவர் என்பதைப் பாடு மறைப்பதில்லை. மென்பொருளோ அதனை மறைத்துவிடுகிறது.

முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருதல் தடைப்படும். தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துள்ளது. கணினியை இயக்கும் மின்சாரத்திற்கும் ஒரு நிலம் உண்டு என்பதை அச்சாம்பல் உணர்த்துகிறது. தொட்டியை மீண்டும் நிரப்பலாம். ஏரியை அவ்வாறு தொடக்கநிலைக்கு மீட்க இயலாது.

முடிவுரை

உயிர்ச்சூழலைக் கருவியாக்கும் கலை, அதன் விதிகளை வகுப்பதில் அச்சூழலில் உழைப்போர்க்குப் பங்களித்தாலன்றி ‘கூட்டுப்படைப்பு’ எனும் பெயருக்கு உரியதாகாது. பாட்டுரிமை உடையோரோடு உரிமை அற்றோரும் அவ்விதியாக்கத்தில் இடம்பெற வேண்டும் என்பதே பழவேற்காடு உணர்த்தும் அளவுகோலாகும்.