ஒதுங்கி நிற்கும் உபசாரம்

பிரயாண சௌகரியத்தை இருக்கையின் அகலத்தைக் கொண்டும், தட்டில் வந்து சேரும் பதார்த்தங்களின் எண்ணிக்கையைக் கொண்டும் அளப்பது உலக வழக்கம். ஆனால் ஜப்பானில் காலையில் ஆகாய விமானத்தின் உயர்வகுப்பில் வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போய், அன்று இரவே ரயிலின் உயர்வகுப்பில் டோக்கியோவுக்குத் திரும்பும் ஒருவர், நடப்பவற்றைச் சற்றுக் கூர்ந்து பார்ப்பவராகவும் இருந்துவிட்டால், அந்த அளவுகோலைத் தூர எறிந்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதிகப் பணம் கொடுத்து அங்கே பெறுவது கொஞ்சம் அகலமும் கொஞ்சம் நிசப்தமுமே. எந்தப் பணிவிடை எந்தக் கணத்தில் வேண்டும் என்றறிந்து முன்வருவதும், அடுத்த கணமே கண்ணில் படாமல் ஒதுங்கிவிடுவதுமான அந்த அபூர்வக் கலைக்குத் தனியாக விலை கிடையாது. சாதாரண வகுப்புப் பிரயாணிக்கும் அது கிடைக்கிறது. உயர்வகுப்பு அதை நிதானமாக இருந்து ரசிப்பதற்கு ஓர் ஆசனம் தருகிறது, அவ்வளவுதான்.

டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஹொக்கைடோவின் நியூ சித்தோசேவுக்குச் செல்லும் மார்க்கம் உலகிலேயே ஜனநெருக்கம் மிகுந்த விமான மார்க்கங்களுள் ஒன்று. பறக்கும் காலம் சுமார் ஒன்றரை மணி நேரம். அதில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் பொழுதைக் கழித்துவிட்டால், பிரீமியம் கிளாஸ் என்று அழைக்கப்படும் முன்பகுதியில் போஜனம் பரிமாறி, பானம் கொடுத்து, பாத்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம்கூட மிஞ்சுவதில்லை. அத்தனை குறுகிய அவகாசத்திலும் பணிப்பெண்ணின் நடையில் அவசரத்தின் சாயல் படிவதில்லை. இருக்கையருகே குனிந்து, நம் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, இரண்டே வாக்கியத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறாள். தூங்குகிறவரை எழுப்புவதில்லை. விமானம் நிலையத்தை விட்டு நகரும்போது, அதைப் புறப்படுவதற்குத் தயார் செய்த தரைப் பணியாளர்கள் வரிசையாக நின்று தலைவணங்கிக் கையசைக்கிறார்களே, அது முன்வரிசைக்காரருக்கென்று ஏற்பட்ட மரியாதையன்று. கடைசி வரிசையில் ஜன்னலோரம் அமர்ந்த குழந்தைக்கும் அதே கையசைப்புத்தான். ஆயினும், என் ருசியில், ஆகாயத்தின் உபசாரம் திரைக்குப் பின்னால் நடக்கும் வித்தை. அதன் பலனைத்தான் காண்கிறோம். வித்தையையே கண்முன் காண்பதற்கு ரயிலுக்குத்தான் போக வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம் தள்ளியுள்ள மினாமி-சித்தோசேவில் ‘ஹொக்குத்தோ’ என்ற டீசல் விரைவு வண்டியைப் பிடித்தால், அது சுமார் மூன்று மணி நேரம் தென்மேற்காக ஓடி ஷின்-ஹக்கொடாத்தே-ஹொக்குத்தோ நிலையத்தில் கொண்டுபோய் விடும். இடப்புற ஜன்னலையே கேட்டுப் பெற வேண்டும். வழியின் பெரும்பகுதி கடல் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. எரிமலைகள் சூழ்ந்த உச்சிஉரா விரிகுடாவை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போகிறது வண்டி. அந்தக் கரையிலே மோரி என்றொரு சிறிய ஊர். ‘இகாமேஷி’ என்ற அதன் ரயில் நிலையச் சாப்பாடு தேசமெங்கும் பிரசித்தம். 1941-இல், போர்க்காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்தது அது. சிறிய கணவாய் மீனின் வயிற்றில் அரிசியை அடைத்து, வாயைக் குச்சியால் தைத்து, இனிப்பும் உப்பும் கலந்த சோயாச் சாற்றில் வேகவைக்கிறார்கள். அரிசி வெந்து பெருகும் என்பதனால் இடம் விட்டு அடைப்பதிலேதான் கைப்பக்குவம் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் பளபளக்கும் இரண்டோ மூன்றோ மீன்கள். அலங்காரமும் இல்லை, துணைக்கறியும் இல்லை. விமானத்தின் அழகிய பல்கறித் தட்டைவிட இந்த எளிய பெட்டியையே நான் மேலாகச் சொல்வேன்.

ஷின்-ஹக்கொடாத்தே-ஹொக்குத்தோவில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு மாறிய பிறகு கடலுக்கடியிலான பிரயாணம். ஹொக்கைடோவுக்கும் ஹொன்ஷு தீவுக்கும் இடையேயுள்ள சுகாரு ஜலசந்தியை ஒரு காலத்தில் ரயில்வேயின் கப்பல்களில்தான் கடக்க வேண்டியிருந்தது. 1954 செப்டம்பர் 26-ஆம் தேதி வீசிய சூறாவளியில் தோயா மாரு என்ற கப்பல் கவிழ்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே, கடலடியில் சுரங்கம் வேண்டும் என்ற எண்ணம் தேசத்தின் சங்கற்பமாயிற்று. 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கம் 1988 மார்ச் 13-இல் திறக்கப்பட்டது. அதைக் குடைவதில் 34 தொழிலாளர்கள் உயிர் கொடுத்தார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே 240 மீட்டர் ஆழத்தில் அதன் தாழ்ந்த பகுதி இருக்கிறது. ஊறிவரும் நீரை இயந்திரங்கள் இரவும் பகலும் மேலே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்நாளில் ஜலசந்தியை மட்டும் கடக்கக் கப்பலுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரமாயிற்று. இன்றோ அதே நாலு மணி நேரத்தில் ஹக்கொடாத்தேயின் எல்லையிலிருந்து டோக்கியோவுக்கே வந்துவிடலாம். அகலப் பாதையில் ஓடும் ஷின்கான்சென்னும் குறுகிய பாதைக்குரிய சரக்கு வண்டியும் ஒரே சுரங்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு, அங்கே மூன்று தண்டவாளங்கள் போட்டிருக்கிறார்கள். சரக்கு வண்டிக்கு இடையூறு வரக் கூடாதென்று, அதிவேக ரயில் பெரும்பாலான நாட்களில் சுரங்கத்தில் தன் வேகத்தை அடக்கிக்கொண்டுதான் போகிறது.

டோக்கியோவுக்குப் போகும் ‘ஹயபுசா’ என்ற ஷின்கான்சென்னின் பத்தாம் பெட்டிதான் அதன் உயர்வகுப்பான கிரான் கிளாஸ். வரிசைக்கு மூன்றாக ஆறே வரிசை, மொத்தம் பதினெட்டு இருக்கைகள். மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் சுரங்க வாயிலில் நுழையும் ரயில் காற்றை அழுத்தித் தள்ள, மறுவாயிலில் அது வெடிபோல முழங்கி அக்கம்பக்கத்து வீடுகளை அதிரச் செய்யும் என்பதற்காகவே, மூக்கைப் பதினைந்து மீட்டர் நீட்டியிருக்கிறார்கள். அதனால் பிரயாணிகளுக்குரிய இடம் குறைந்துவிட்ட கடைசிப் பெட்டியில்தான் இந்தப் பதினெட்டுப் பேரும் அமர்கிறார்கள். பாதையோரத்தில் குடியிருக்கும் முகமறியாத மனிதரின் தூக்கத்துக்காகக் கொடுத்த இடம் அது என்று எண்ணும்போது, தோல் போர்த்த அந்த ஆசனம் எனக்கு இன்னும் மதிப்புடையதாகத் தோன்றுகிறது. நடத்துனர் பெட்டிக்குள் நுழையும்போது ஒரு முறையும், வெளியேறுமுன் திரும்பி நின்று ஒரு முறையும் தலைவணங்குகிறார்; யாரும் பார்க்காவிட்டாலும் வணங்குகிறார். தேநீர் கொண்டுவரும் பெண், நாம் புத்தகத்தில் ஆழ்ந்திருந்தால் ஓசையின்றிக் கடந்துபோய், நிமிர்ந்து பார்க்கும் வேளையில் அருகே இருக்கிறாள். பாடகருக்கு இடம் விட்டு வாசிப்பை அடக்கிக்கொண்டு, சரியான இடத்தில் மட்டும் கைவைக்கும் தேர்ந்த மிருதங்க வித்துவானின் லாகவம் அது.

வழியிலுள்ள மொரியோக்கா நிலையத்தில் ஒரு காட்சி இருக்கிறது. அதற்காகவே இந்த மார்க்கத்தில் வரலாம். நம் பச்சை ரயில் முதலில் வந்து நின்றுவிடுகிறது. அகித்தாவிலிருந்து வரும் சிவப்பு நிறக் ‘கொமாச்சி’ பின்னாலிருந்து மெல்ல அணுகி, சற்று எட்டவே நின்று, பிறகு அடிமேல் அடி வைப்பதுபோல் நகர்ந்து வருகிறது. இரண்டு மூக்குகளின் மூடிகளும் திறந்திருக்க, உள்ளிருந்து நீண்ட இணைப்பிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நடைமேடையில் குழந்தைகளும் பெரியவர்களும் கூடி நின்று பார்க்கிறார்கள். வெள்ளைக் கையுறையணிந்த ஊழியர், விரலை நீட்டிச் சுட்டிக்காட்டி, தாம் கண்டதை வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்கிறார். கைக்கும் கண்ணுக்கும் வாய்க்கும் ஒரே சமயத்தில் வேலை கொடுத்தால் கவனம் சிதறாது என்பது அவர்கள் நெடுநாளாகக் கைக்கொண்டுவரும் முறை. இணைப்பு நடக்கும் இடம் பத்தாம் பெட்டிக்கு அடுத்தாற்போலத்தான். ஆயினும் மேஜைமேல் இருந்த கோப்பையின் தேநீர் சிந்தவில்லை.

இந்த நேர்த்தி சுபிட்ச காலத்துக்கு மட்டும் உரிய பகட்டன்று. கிரான் கிளாஸ் தொடங்கியது 2011 மார்ச் 5-இல். ஆறே நாளில், மார்ச் 11-இல், பெரும் பூகம்பம் வந்தது. கடற்கரையில் வைத்திருந்த உணர்கருவிகள் முதல் அதிர்ச்சியைக் கண்டதுமே மின்சாரத்தைத் துண்டிக்க, பேரதிர்வு பாதையை வந்தடையுமுன்பே ரயில்கள் வேகம் தணியத் தொடங்கின. ஓடிக்கொண்டிருந்த ஷின்கான்சென்களில் ஒரு பிரயாணியும் இறக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சேதமுற்ற பாதையைச் செப்பனிட்டு, ஏப்ரல் 29-இல் மறுபடியும் பாதை முழுவதிலும் ரயில் விட்டார்கள். வழியிலுள்ள ஸெண்டாய் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது. அந்த ஐம்பது நாள் உழைப்பும் நான் கண்ட தலைவணக்கமும் ஒரே மனத்தின் இரண்டு செயல்கள் என்றே நம்புகிறேன்.

டோக்கியோவில் இறங்கியதும் வெளிவாயிலை நோக்கி விரைய வேண்டாம் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். வண்டி திரும்பப் புறப்படுமுன் நிற்கும் நேரம் சுமார் பன்னிரண்டு நிமிஷம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போக, துப்புரவுக்குக் கிடைப்பது ஏழு நிமிஷம். இறங்குகிறவர்களை வணங்கி நின்ற பணியாளர்கள் உள்ளே நுழைந்து, குப்பையை எடுத்து, இருக்கைகளைப் போகும் திசைக்குத் திருப்பி, மேஜைகளைத் துடைத்து, தரையைப் பெருக்கி, விட்டுப்போன பொருள் உண்டா என்று மேல்தட்டையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, காத்திருக்கும் புதுப் பிரயாணிகளுக்கு வரிசையாக நின்று தலைவணங்குகிறார்கள். பத்தாம் பெட்டியின் எதிரே நின்று அதைப் பார்ப்பதைவிட, நூறு பேர் அமரும் சாதாரணப் பெட்டி ஒன்றின் ஜன்னலருகே நின்று பார்ப்பதே உத்தமம். அங்கே வேலை அதிகம், கை இன்னும் வேகமாக ஓடுகிறது.