வண்டி எண் ‘ஏல’ ஆன கதை: டெவில்ஸ்பை2 பயன்படுத்திப் பார்த்தேன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டின் டிஸ்பாட்ச் மேசை என்னுடையது. நாளில் பாதி நேரம் ஆங்கிலத்தில் தட்டுவேன்: இ-வே பில், டெலிவரி சலான், வண்டி எண். மீதி நேரம் தமிழில்: ஷிப்ட் மாற்றம், கேன்டீன் நேரம், ஹெல்மெட் அறிவிப்பு. எல்லாம் ஒரே கணினி, ஒரே விசைப்பலகை. மொழியை மாற்ற மறந்து ஒரு கேட் பாஸ் அடித்தேன். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் ஆங்கில டி விசையில் ‘ஏ’, என் விசையில் ‘ல’. டிஎன் 20 என்று தொடங்க வேண்டிய வண்டி எண் ‘ஏல 20’ என்று அச்சாகிவிட்டது. ஓட்டுநர் தூத்துக்குடிக்காரர். “என்ன சார், பேப்பர்லயே ஏலன்னு கூப்பிடுதீங்க?” என்று கேட்டார்.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். ‘அறிவிப்பு’ என்று பார்க்காமல் அடித்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் ஏ, யூ, எஸ், வி, எஸ், ஜே, ஜே, டி என்று எட்டு ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட அமைப்பு தமிழ்99. 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடும். விரல் பழகிவிட்டால் கண் விசைப்பலகையைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் தவறு நாலு சொல் தாண்டிய பிறகே தெரிகிறது.

இதற்குத் தீர்வு தேடிப் போனபோது கிடைத்ததுதான் டெவில்ஸ்பை2. சாளரம் திறந்தால், மூடினால், முன்னால் வந்தால், பின்னால் போனால், நாம் சொல்லி வைத்த வேலையைத் தானாகச் செய்யும் சிறிய லினக்ஸ் நிரல். ராஸ் பர்ட்டன் எழுதிய டெவில்ஸ் பை என்ற பழைய கருவியின் வழியில், ஆந்திரியாஸ் ரென்குவிஸ்ட் புதிதாக எழுதியது. பழையதன் கட்டளைகள் அடைப்புக்குறிக் காடாக இருக்கும். புதியதில் லூவா மொழி. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த மொழி அது. போர்த்துகீசியத்தில் லூவா என்றால் நிலா. நிரல் எழுதிப் பழகாதவரும் ஒரு மாலையில் தேவையான அளவுக்குப் பிடித்துவிடலாம்.

“இதற்கு ஒரு தனி நிரலா? சாளரத்துக்குச் சாளரம் மொழியை நினைவில் வைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறதே” என்று கேட்பீர்கள். உண்டு. விண்டோஸில் இருக்கிறது, லினக்ஸ் மேசைச்சூழல்களான க்னோமில் இருக்கிறது, கேடிஇயிலும் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் அந்தச் சாளரத்தில் கடைசியாக எந்த மொழி இருந்ததோ அதைத்தான் திருப்பித் தரும். புதிதாகத் திறக்கும் சாளரம் எதற்கானது என்று அவற்றுக்குத் தெரியாது. என் மேசையில் ஒரு நாளில் முப்பது நாற்பது சாளரங்கள் திறந்து மூடுகின்றன. எனக்கு வேண்டியது, “அறிவிப்பு அடிக்கும் ரைட்டர் செயலி என்றால் தமிழ், இ-வே பில் என்றால் ஆங்கிலம்” என்று முன்கூட்டியே தெரிந்த ஆள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் கேட்டையே சொல்லலாம். எந்த வண்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் எழுதுகிறார். எக்ஸ்11 திரையமைப்பில் சாளர மேலாளர் அந்த செக்யூரிட்டி மாதிரி. இப்போது முன்னால் இருக்கும் சாளரம் எது என்பதை எல்லா நிரல்களும் பார்க்கக்கூடிய பொது இடத்தில் எழுதி வைக்கும். டெவில்ஸ்பை2 அந்த ரெஜிஸ்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். வரி மாறியதும் எழுந்திருக்கும். மற்ற நேரம் சும்மா இருப்பதால் கணினிக்குச் சுமையே இல்லை.

சுமை இல்லை என்று சும்மா சொல்லவில்லை. 2011 செப்டம்பர் 15இல் இதே மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் தங்கைக்குக் கிடைத்த கணினியில்தான் முதலில் சோதித்தேன். 2 ஜிபி நினைவகம், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதிலேயே சிரமமில்லாமல் ஓடியது. பிறகுதான் அலுவலகக் கணினிக்குக் கொண்டுபோனேன்.

டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாவற்றின் களஞ்சியத்திலும் இருப்பதால் ஒரு வரிக் கட்டளையில் நிறுவிவிடலாம். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு மாலை போனது. அமைப்புக் கோப்புறையில் போடும் எந்தக் கோப்பும், வேறு சொல்லாவிட்டால், சாளரம் திறக்கும்போது மட்டும்தான் ஓடும். முன்னால் வரும்போது ஓட வேண்டியதை, நிரலின் பெயரிலேயே இருக்கும் தலைமைக் கோப்பில் தனியாகப் பட்டியலிட வேண்டும். அது தெரியாமல் ரைட்டரைத் திறந்தால் தமிழ் வருகிறது, உலாவிக்குப் போய்த் திரும்பினால் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

நான் எழுதியது மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. சாளரத்தின் பெயரைக் கேள், அதில் ரைட்டர் என்று இருந்தால் உள்ளீட்டு மொழியை மாற்றித் தரும் ஐபஸ்ஸிடம் தமிழ்99க்கு மாறச் சொல், மற்றபடி ஆங்கிலம். எந்தச் சாளரத்துக்கு என்ன பெயர் என்று ஊகிக்கவும் வேண்டாம். நிரலைப் பிழைதேடும் நிலையில் ஓடவிட்டால், அந்தப் பெயர்களை அச்சிடச் சொல்லித் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். லூவா தேடலில் இடைக்கோடு சாதாரண எழுத்து அல்ல. அதற்குத் தனிப் பொருள் உண்டு. ‘இ-வே’ போன்ற பெயரைத் தேடும்போது கோட்டுக்கு முன்னால் சதவீதக் குறி போடாவிட்டால், எதிர்பாராத சாளரமெல்லாம் பொருந்தும்.

பலன்? கும்மிடிப்பூண்டியில் இ-வே பில் என்பது எப்போதாவது வரும் வேலை அல்ல. எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரம். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினாலே பில் வேண்டும். வண்டி ஏற்றி முடித்து என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும்போது அறிவிப்பை அரைகுறையாக விட்டு உலாவிக்குத் தாவுவேன். முன்பு அந்தத் தாவலில்தான் கை தடுமாறும். இந்தக் கருவி வந்த பிறகு மொழி மாற்றும் குறுக்குவிசையையே விரல் மறந்துவிட்டது.

குறைகள் உண்டு. பெரியது உலாவித் தாவல். ஒரே சாளரத்துக்குள் ஒரு தாவலில் இ-வே பில், இன்னொன்றில் தமிழ்ச் செய்தித்தளம் என்று வைத்திருந்தால், தாவல் மாறினாலும் சாளரம் மாறவில்லை. முன்னால் வரும் நிகழ்வே நடக்காது. குரோமியத்தில் ஒரு தளத்தை மட்டும் தனிச் செயலி போலத் திறக்கும் வசதி இருக்கிறது. இ-வே பில்லை அப்படித் தனிச் சாளரமாக்கிய பிறகுதான் எனக்குச் சரிவந்தது.

அடுத்து, ‘சேமி’ என்று கேட்கும் குட்டிப் பெட்டியும் கணக்கில் ஒரு சாளரமே. ரைட்டரில் தமிழ் அடித்துக்கொண்டே சேமிக்கப் போனால், பெட்டி வந்ததும் மொழி ஆங்கிலமாகிவிடும். கோப்புப் பெயர் ஆங்கிலத்தில் வேண்டுவோருக்கு அது வரம், எனக்குத் தொல்லை. சாளரத்தின் வகையைக் கேட்கும் வசதி இருப்பதால், உரையாடல் பெட்டி என்றால் எதுவும் செய்யாதே என்று ஒரு வரி சேர்த்தேன். வேகமாகத் தட்டுபவர்களுக்கு முதல் எழுத்து சில சமயம் பழைய மொழியில் விழும். ஐபஸ் மாறுவதற்கு ஒரு கணம் பிடிக்கிறது. அதைச் சரிசெய்ய எனக்கு வழி கிடைக்கவில்லை.

மூடும் நிகழ்வையும் பயன்படுத்துகிறேன்: கேட் பாஸ் பதிவேட்டை மூடியதும் அதன் நகல் பக்கத்து மேசைக் கணினிக்குப் போய்விடும். இங்கே ஓர் எச்சரிக்கை. சாளரத்தின் தலைப்பை அப்படியே எடுத்துக் கட்டளை வரியில் ஒட்டாதீர்கள். இணையப் பக்கத்தின் தலைப்பை முடிவு செய்பவர் அந்தப் பக்கத்தை எழுதியவர். அவர் தலைப்பில் ஒளித்து வைக்கும் கட்டளை உங்கள் கணினியில் ஓடும். தலைப்பை ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். கோப்பை அழிப்பது மாதிரி வேலைகளை இதன் கையில் கொடுக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, இது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பது. டெவில்ஸ்பை2 எக்ஸ்11இல் மட்டும்தான் வேலை செய்யும். இப்போது லினக்ஸ் உலகம் வேலண்ட் என்ற புதிய திரையமைப்புக்கு நகர்கிறது. எக்ஸ்11இல் ஒரு நிரல் மற்ற நிரல்களின் சாளரங்களை மட்டுமல்ல, விசை அழுத்தங்களையும் வேவு பார்க்க முடியும். வேலண்ட் அந்தக் கதவை அடைத்துவிட்டது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் எங்கள் பொது ரெஜிஸ்டரும் அதோடு போயிற்று. வேலண்டில் ஓடும் சாளர மேலாளர்களில் ஸ்வே, ஹைப்ர்லேண்ட் ஆகியவை தங்கள் நிகழ்வுகளைத் தனி வழியில் சொல்கின்றன, கேடிஇயின் கேவின் தனக்கென்று ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருக்கிறது, க்னோமுக்கு நீட்சி எழுத வேண்டும். ஓரிடத்தில் எழுதியது இன்னோரிடத்தில் ஓடாது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் க்னோமுக்கு எக்ஸ்11 அமர்வே இல்லை.

விண்டோஸில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. எங்கள் கணக்குப்பிரிவில் டேலி ஓடுவது விண்டோஸில். அங்கே இதே வேலைக்கு ஆட்டோஹாட்கீ இருக்கிறது, அதுவும் இலவசம்.

மின்ட் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி எக்ஸ்11இல் இருப்பவர், தினமும் இரண்டு மொழியில் தட்டுபவர் என்றால் டெவில்ஸ்பை2ஐத் தயங்காமல் நிறுவலாம். உதவிக் குறிப்பை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். வேலண்டுக்கு மாறிவிட்டவர்கள் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.