மேற்கோளும் இடங்காட்டலும்

பிறர் கூற்றை எடுத்தாள்வோன் அக்கூற்று நின்ற இடத்தையுங் காட்டுதல் வேண்டுமென்பது இஞ்ஞான்றை ஆராய்ச்சி வெளியீடுகள் அனைத்தும் விதிக்கும் நியதியாம். அதன்கண் எமக்கு மறுப்பில்லை. ஆயின் அவ்விடத்தை எவ்வாற்றாற் காட்டுவதென்பதில், அவ்வெளியீடுகள் கட்டுரையாளர்க்கு வகுத்த பொதுவிதிகளை அப்படியே மேற்கொண்டு சாத்திரக் கட்டுரை எழுதுவார் பலர் இழுக்குறுகின்றனர். அவ்விழுக்கு அச்சின் அழகைப் பற்றியதன்று. பொருளையே திரிப்பதாகலின் ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

அண்மையில் எம் பார்வைக்கு வந்த கட்டுரையொன்றில், நாற்பூதங்களின் கூட்டத்தினின்றே உடலும் அறிவுந் தோன்றுமென்னுங் கொள்கை சித்தாந்தத்துக்கும் உடன்பாடென ஒரு முடிபு நாட்டப்பட்டிருந்தது. சான்றாக, அருணந்தி சிவாசாரியர் பெயரும், ஓர் அச்சுப்பதிப்பின் ஆண்டும், பக்க எண்ணும் பிறைக்கோட்டினுள் இருந்தன. விதிப்படி குறையேதுமில்லை, காற்புள்ளியுந் தன்னிடத்தில் நின்றது. அப்பதிப்பு எம்மிடம் இன்மையின் வேறொரு பதிப்பைப் புரட்டித் தேடி, அச்செய்யுள் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்து 'உலகாயதன் மதம்' என்னும் பகுதியில் உள்ளதெனக் கண்டாம். பரபக்கமாவது பிறர் மதங்களை முன்னர் நிறுத்திப் பின்னர் 'மறுதலை' என்னுந் தலைப்பின்கீழ் மறுப்பது. ஆகவே, ஆசிரியர் மறுத்தற்கென எடுத்துவைத்த பூருவபக்கம் அவர்தம் சொந்தக் கொள்கையாக ஏறிவிட்டது! இடத்தைச் 'சித்தியார், பரபக்கம், உலகாயதன் மதம்' என்று எழுதப் புகுந்திருப்பாராயின், எழுதும்போதே கட்டுரையாளர் கை நின்றிருக்கும். பேசுவான் யாரென்பதைப் பக்க எண் சொல்லாது. நூலின் உட்பிரிவு சொல்லும்.

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் இணைத்துக் காட்டும் இம்முறை யாண்டுத் தோன்றிற்று? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விலங்கியற் புலவர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்பார், ஓடில்லா நத்தையினமொன்றின் முட்டையைப் பற்றி 1881-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் கையாண்டனரென்பது பொதுவாக வழங்கும் வரலாறு. அத்தகைய துறைக்கு இது மிகப் பொருந்தும். ஆண்டே ஆண்டுச் செய்தி. ஒன்றனை முன்னர்க் கண்டார் யார், பின்னர்த் திருத்தினார் யார் என்பது அவ்வெண்ணை நோக்கியவளவில் விளங்கும். உளவியற் புலவர் முதலாயினார் கூடி வகுத்து 1929-இல் வெளியிட்ட சில பக்க விதிகளே வளர்ந்து பெருநூலாகி 2019-இல் ஏழாம் பதிப்புக் கண்டன. பல துறையினரும் இன்று அதனைப் பின்பற்றுவர்.

மெய்கண்டதேவரோ பதின்மூன்றாம் நூற்றாண்டினர். அவர் பெயரின் அருகே 2010 என்று நிற்கும் எண் அச்சுக்கூடத்தின் ஆண்டேயன்றி அவரதன்று. அவர் நூலை 2010-இல் வந்த பதிப்பாலும், அவர் மாணாக்கராகிய அருணந்தியார் நூலை 1990-இல் வந்த பதிப்பாலும் ஒருவர் காட்டினால், மாணாக்கர் ஆசிரியரினும் இருபதாண்டு மூத்தவராகத் தோன்றுவர்.

அற்றேல், அவ்விதிநூல்களையே பழிப்பீரோ எனின், பழியாம். பழநூல்களையுஞ் சமயநூல்களையும் அவற்றின் உட்பிரிவாற் காட்டுகவென்று அவையும் இடந்தந்துள. மேனாட்டார் பிளேட்டோவின் நூல்களை 1578-இல் ஸ்டெபானஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்ணாலும், அரிஸ்டாட்டிலின் நூல்களை 1831-இல் வெளிவந்த பெக்கர் பதிப்பின் பக்க எண்ணாலுமே இன்றும் சுட்டுவர். பின்வந்த நற்பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் அவ்வெண்களை ஓரத்திற் பொறித்துக்கொண்டே வருகின்றன. அவையும் பக்க எண்களே. ஆயினும் எல்லாரும் ஏற்றமையால் நிலைபெற்றன. நம்மவர் விதியின் பொதுப்பகுதியைப் படித்துச் சிறப்புப்பகுதியை விட்டனர். அன்றிக் கணிப்பொறி தானே கோத்துத் தந்ததைத் திருத்தாது விடுத்தனர்.

இனி, நூலின் உள்ளெண் ஒன்றே அமையுமோவெனின், அதுவும் அமையாது. தேவாரத்தைப் பண்முறையாகவும் அச்சிட்டுள்ளார், தலமுறையாகவும் அச்சிட்டுள்ளார். பதிக எண் இரண்டிலும் ஒவ்வாது. அதற்காக எண்ணைவிட்டுத் 'தேவாரம், சீகாழி' என்று மட்டும் எழுதுவாரும் உளர். சம்பந்தர் பாடல்களிலேயே அத்தலத்துக்குரிய பதிகங்கள் 60-க்கும் மேற்பட்டன. படிப்பவன் எதனைத் தேடுவான்? தொல்காப்பியச் சூத்திரங்களை இளம்பூரணர் பகுத்தது ஒருவாறு, நச்சினார்க்கினியர் பகுத்தது வேறொருவாறு. ஐயத்துக்கே இடமில்லையென்று நாம் எண்ணும் திருக்குறளினும், தொடரெண் பரிமேலழகர் வைப்புமுறையைத் தழுவியதாகலின், மணக்குடவர் உரையைக் காட்டுவோன் அதிகாரத்தினுட் குறள்கள் முறைமாறி நிற்றலைக் கண்டு திகைப்பான். திருமந்திரத்தின் எண்வேறுபாடு பதிப்பிப்போர் யாவரும் அறிந்தது. ஆதலின் உட்பிரிவும் எண்ணுங் கூறி, அவ்வெண் எவர் பாடத்தது, எப்பதிப்பினது என்பதையும் ஒருமுறையேனுங் கூறுதல் இன்றியமையாதது. சிவஞானபோதத்துக்குச் சூத்திரமும் அதிகரணமுங் கூறி, எடுத்தது சூத்திரமோ, வார்த்திகமோ, உதாரண வெண்பாவோ என்பதைச் சேர்த்துரைத்தால் எவ்வுரைப் பதிப்பிலும் தேடிக் காணலாம்.

பழைய உரையாசிரியர் எண்ணுங் கொடுத்திலர், பெயருங் கொடுத்திலர், அதனால் வந்த குறை யாதென வினவுவாருமுளர். வந்த குறை பெரிது. நச்சினார்க்கினியர் பலவிடத்து நூற்பெயர் சொல்லாது 'என்றார் பிறரும்' என்று மேற்செல்லுதலால், சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த உ. வே. சாமிநாதையரவர்கள் அம்மேற்கோள்களின் இருப்பிடந் தேடிப் பட்ட இடர் அவர்தம் சரித்திரத்துட் காணக் கிடக்கின்றது. அக்காலத்துக் கற்போர்க்கு அந்நூல்கள் நெஞ்சில் இருந்தமையின் பெயர் வேண்டப்படவில்லை போலும். நெஞ்சும் ஏடும் ஒருங்கே அழிந்தபின் அச்சொற்கள் தாயற்ற பிள்ளைகளாயின. இதற்கு மாறாக, அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரைப்பாயிரத்தில் தமக்குத் துணையாகிய இசை நாடக நூல்கள் ஐந்தனைப் பெயரோடும் ஆக்கியோர் பெயரோடுங் குறித்தனர். அவற்றுள் அறிவனார் இயற்றிய பஞ்சமரபு பின்னாளிற் கிடைத்து அச்சேறியபோது, இஃது அதுவேயென அறிதற்கு அக்குறிப்பே உதவிற்று. வளையாபதிச் செய்யுள்களிற் பெரும்பாலன இன்று நமக்குக் கிடைத்தமைக்கும், புறத்திரட்டைத் தொகுத்தோர் எடுத்த நூலின் பெயரைக் குறித்துவைத்தமையே காரணம். பெயர் தெரியாத அத்தொகுப்பாளரை யாம் பல பேருரையாளரினும் மேலாகப் போற்றுவோம். இது சிலர்க்கு மிகையாகத் தோன்றலாம்.

எஞ்சியது ஆசிரியர் பெயரைப் பற்றிய சிறு குறை. குடிப்பெயரை முதற்கண் வைத்து இயற்பெயரை எழுத்தாகச் சுருக்குக என்பது மேனாட்டு விதி. தமிழர்க்குக் குடிப்பெயரில்லை, முன்னெழுத்துகள் ஊரையுந் தந்தையையுங் குறிப்பன. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகனார் சாமிநாதையர் 'ஐயர், உ. வே. சா.' என்று தலைகீழாகி, எண்ணிறந்த ஐயர்களுள் ஒருவராய் அகரவரிசையில் மறைகின்றனர். வேதாசலம் என்றும் மறைமலையடிகள் என்றும் வெவ்வேறு காலத்து நூல்களிற் கையெழுத்திட்டவர் ஒருவரே என்பதறியாது இருவராகப் பட்டியிட்டாரையுங் கண்டுள்ளோம். பெயரை வழங்கியவாறே எழுதுதலும், இரு பெயருடையார்க்கு ஒன்றனிடத்து மற்றொன்றைச் சுட்டுதலுமே இதற்குப் போதும்.

முற்கூறிய கட்டுரையாளர்க்கு இவற்றை விரித்தெழுதினோம். அவர் நல்லன்பர்; முடிபை நீக்கி, சுபக்கத்தினின்று வேறு சான்றெடுத்து, இடமுஞ் செய்யுளெண்ணும் செவ்வனே காட்டித் திருப்பியனுப்பினர். கட்டுரையின் இறுதியிலுள்ள நூற்பட்டியில் மட்டும் 'சிவாசாரியர், அ.' என்பது இன்னும் அப்படியே நிற்கின்றது.